தள்ளு மாமா கடலைப் படம்பிடித்த படலம்

வாழ்க தள்ளு மாமா! பதினான்கு பைகள் தைத்த மேற்சட்டையைக் கவசமெனப் பூண்டோன் வாழ்க! காமிராவைக் கழுத்திலும் கழுத்துவலித் தைலத்தைப் பதினோராம் பையிலும் சுமந்து, கடல்சூழ் பாரனைத்தையும் தன் ஒற்றை விரல்நுனியால் சிறைப்பிடிக்கப் புறப்பட்ட வீரருள் வீரன் வாழ்க! கூப்பிடு தூரத்துக்கும் அப்பால் கம்பியில் குந்தியிருக்கும் காக்கையின் இமைமயிரை எண்ணிச் சொல்லவல்ல நீள்குழல் லென்ஸைக் கைக்கொண்டும், கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது எதையும் ஒருநாளும் பார்த்தறியாத கூர்விழியோன் வாழ்க, வாழ்க!

பாடத் தொடங்குமுன் தெய்வங்களைத் தொழுதுகொள்வது முறை. மாமாவுக்குத் தெய்வங்கள் இரண்டே. பேட்டரிப் பெருமானே, களத்தின் நடுவே கண்மூடிக் கவிழாதிருப்பாயாக! மெமரி கார்டு அம்மையே, வயிறு நிறைந்துவிட்டதென்று வாய்மூடிக் கொள்ளாதிருப்பாயாக! உங்கள் இருவரையும் நம்பித்தான் ஒரு மனிதர் நான்கு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, மனைவியையும் அழைத்துக்கொண்டு, மீன்பிடி ஊருக்குப் பஸ் ஏறியிருக்கிறார். மனைவியை எதற்கு அழைத்துப் போனார் என்று கேட்பீர்களானால், காமிராவின் முக்காலியைத் தூக்க ஆள் வேண்டாமா?

இப்பெருமகனார் நீர் வழங்கல் அலுவலகத்தின் முதல் மாடியில், புகார்ப் பிரிவின் ஜன்னலோர மேசைக்கு அதிபதி. குழாயில் தண்ணீர் வரவில்லை, வந்தாலும் தண்ணீராக வரவில்லை என்று ஊரார் அழுதெழுதும் ஓலைகளையெல்லாம் ‘பரிசீலனையில் உள்ளது’ என்னும் ஒரே முத்திரையால் அடித்து வீழ்த்துவது அவர் அன்றாடம் ஆற்றும் அறத்தொழில். ஞாயிற்றுக்கிழமைகளிலோ அவர் படக்கலை வேந்தர். சொந்தபந்தத்தில் எந்த விசேஷம் நடந்தாலும், அழைத்தாலும் அழைக்காவிட்டாலும், காமிராவோடு முன்வரிசையில் தோன்றி, நிற்பவர் இருப்பவர் எல்லாரையும் பார்த்து “கொஞ்சம் தள்ளு” என்று ஆணையிடுவார். ஒரு கல்யாணத்தில் மேடை அலங்காரம் முழுசாக விழவேண்டும் என்பதற்காக மாப்பிள்ளையையே தள்ளச் சொன்னார். அன்றிலிருந்து குடும்பத்துப் பிள்ளைகள் வைத்த பெயர்தான் தள்ளு மாமா. தன் கலைக்குக் கிடைத்த பட்டம் என்று அவர் அதை நினைத்துக்கொண்டிருக்கிறார். யாரும் திருத்தப் போகவில்லை.

அப்பேர்ப்பட்டவர் கடல்மீது படையெடுத்த காரணம் ஒரு பூனை. அலுவலகம் ஆண்டுதோறும் அச்சிடும் காலண்டரில் ஊழியர் எடுத்த பன்னிரண்டு படங்கள் மாதத்துக்கு ஒன்றாக இடம்பெறும். சென்ற ஆண்டு மே மாதத்தை வென்றவர், அதே அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் வேலை பார்க்கும் சகலை, அதாவது மாமாவின் கொழுந்தியாளைக் கட்டியவர். பெரிய வால்வின் சக்கரத்தின்மேல் சுருண்டு உறங்கிய ஒரு பூனையை அவர் போகிற போக்கில் எடுத்தார், செல்போனில் எடுத்தார், ஒரு கையில் டீ தம்ளரைப் பிடித்துக்கொண்டு மறுகையால் எடுத்தார். முப்பத்தொரு நாள் அந்தப் பூனை மாமாவின் நாற்காலிக்கு நேரெதிர்ச் சுவரில் நிம்மதியாக உறங்கியது. முப்பத்தொரு நாளும் மாமாதான் உறங்கவில்லை. ஜூன் பிறந்து தாள் கிழிந்த காலையில், புகார்ப் பிரிவே எழுந்து நின்று கேட்கும்படி அவர் சூளுரைத்தார்: “அடுத்த காலண்டர்ல என் கடல் தொங்கும். தொங்கலேன்னா இந்தக் காமிராவை நான் தொடறதில்ல!” ஒருவர் மட்டும் கைதட்டினார், அவர் கொசுவை அடித்தார் என்று பிறகு தெரிந்தது.

இந்தப் பெருஞ்சபதத்தின் கீழே, பெட்டிக்கு அடியில் மடித்து வைத்த சேலைபோல, இன்னொரு சின்ன விண்ணப்பமும் அந்தப் பயணத்தில் வந்தது. மாமாவின் மகள் வேறு ஊரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அறைத்தோழிகள் எல்லாரும் சுவரில் அம்மா படத்தை ஒட்டியிருக்க, இவள் பங்குச் சுவர் மட்டும் வெறிச்சென்று கிடக்கிறதாம். வீட்டு ஆல்பங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவள் போனில் சொன்னாள்: “நம்ம வீட்ல ஆயிரம் போட்டோ இருக்குப்பா. எல்லாத்துலயும் அம்மாவோட முழங்கை மட்டும்தான் இருக்கு.” பொய்யில்லை. இருபத்துமூன்று ஆண்டுகளாக ஒவ்வொரு படத்திலும் சட்டகத்தின் ஓரத்தில், தள்ளச் சொல்லியும் தள்ளி முடிக்காத ஒரு முழங்கை மட்டும், அடையாளமாக ஒரு பிறைத் தழும்போடு எட்டிப் பார்க்கும். அந்தத் தழும்பும் மாமாவின் பதினான்கு பைச் சட்டைக்கு இஸ்திரி போடும்போது சுட்டுக்கொண்டதுதான். மனைவி தானாகவே செல்போனில் தன்னை எடுத்து அனுப்பிப் பார்த்தாள். “அம்மா, இது உன் மூக்கு” என்று பதில் வந்தது.

ஆகவே அவள் கடுகு மஞ்சளில் புதுச்சேலை ஒன்று எடுத்தாள். இருபத்துமூன்று ஆண்டுகளில் எதையும் வாய்திறந்து கேட்டறியாதவள், கேட்டாள்: “ஏங்க, கடல் பின்னாடி தெரியற மாதிரி என்னை ஒண்ணே ஒண்ணு எடுத்துக் குடுங்க. பொண்ணுக்கு அனுப்பணும்.” மாமா லென்ஸை ஊதித் துடைத்தபடி, “ஆகட்டும், பார்க்கலாம்” என்றார். புகார்ப் பிரிவின் முத்திரைக்கு வீட்டில் வழங்கும் பெயர் அதுதான்.

முதல் நாட்போர் துறைமுகத்தில் நிகழ்ந்தது. தங்கும் விடுதியின் இரண்டாம் மாடி அறையில், மூடவே மூடாத ஜன்னலுக்கும் ‘அறைக்குள் மீன் கொண்டுவரக் கூடாது’ என்னும் அறிவிப்புக்கும் இடையே பெட்டியை வைத்த கையோடு, மாமா படகுத்துறைக்குப் பாய்ந்தார். அங்கே மரக்கம்பம் ஒன்றின் உச்சியில், ஒற்றைக்காலை மடக்கி, உலகாள்வோரின் அலட்சியத்தோடு வீற்றிருந்தது ஒரு கடற்பறவை. அதைக் கண்டதும் மாமாவின் நெஞ்சம் விம்மிற்று, புயம் பூரித்தது, முழங்கால் மட்டும் சற்றே முறுக்கிற்று. ஐஸ் பெட்டிகளின் மறைவில் பதுங்கியும், ஈரத்தரையில் வயிற்றால் ஊர்ந்தும், வலைக்குவியலின் பின்னே மூச்சடக்கிக் கிடந்தும், கண்ணெதிரே இருப்பவர் காறித் துப்பியும் பொருட்படுத்தாது, இருநூற்றுப் பன்னிரண்டு முறை அவர் விரல் சொடுக்கினார். இருநூற்றுப் பன்னிரண்டிலும் பறவை ஒரே மாதிரிதான் இருந்தது. கடைசியில் அது பொறுமையிழந்து பறந்து வந்து, ஒன்பதாம் பையில் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்த பன்னைக் கொத்திக்கொண்டு போயிற்று. அந்தக் கணத்தில், அதாவது படத்துக்கு ஏற்ற ஒரே கணத்தில், மாமா பையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

அப்போது அவர் மனைவி படகுத்துறையின் விளிம்பில், கடுகு மஞ்சள் சேலையில், பின்னால் முழுக்கடலும் தெரிய நின்றாள். தலைமுடியைக் காதோரம் ஒதுக்கிவிட்டுக் கொஞ்சம் சிரிக்கவும் செய்தாள். மாமா லென்ஸைத் திருப்பினார். அவள் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தாள். “கொஞ்சம் தள்ளு. மஞ்சள் கண்ணைக் குத்துது. கடலோட நீலமே கெட்டுப்போச்சு” என்று முழங்கினார் படக்கலை வேந்தர். அவள் தள்ளினாள். அந்தச் சிரிப்பை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

இரண்டாம் நாட்போரோ பாட்டுக்கு அடங்காதது. அலைதடுப்புக் கற்சுவரின் கோடியில் தட்டையான பாறை ஒன்று உண்டு. உதயத்தைப் படம்பிடிக்க அந்த ஊரில் அதைவிட்டால் வேறிடமில்லை என்று விடுதிக்காரர் சொல்லியிருந்தார். ஐந்து மணிக்கு மாமா அங்கே போய்ச் சேர்ந்தபோது, நாலே முக்காலிலிருந்தே அதை ஆண்டுகொண்டிருந்தார் வேறொரு சுற்றுலாப் பயணி. அவரிடமும் நீள்குழல் லென்ஸ், அவரிடமும் முக்காலி, கூடுதலாகப் பெரியதொரு குடை. ஆகையால் குடைக்காரர் என்போம். “கல் யாருக்கும் சொந்தமில்ல!” என்று மாமா அறைகூவினார். “முன்னாடி வந்தவனுக்குத்தான் கல்!” என்று குடைக்காரர் எதிர்முழக்கமிட்டார். பின் பேச்சோய்ந்தது, படைக்கலம் பேசிற்று. மாமா தன் முக்காலியின் ஒரு காலைப் பாறையின் ஓரத்தில் ஊன்ற, குடைக்காரர் தன் முக்காலியால் அதை நெம்ப, மாமா மறுகாலை உள்ளே செருக, அவர் குடைக்கம்பியால் தடுக்க, ஒரு சாண் பாறைக்காக ஆறு இரும்புக் கால்களும் நான்கு மனிதக் கால்களும் பின்னிப் பிணைந்து, எது யாருடையதென்று உடையவர்க்கே விளங்காத பெருங்குழப்பம் மூண்டது. குனிந்து சிக்கெடுக்கத் தொடங்கிய இரு வீரரும் நெடுநேரம் நிமிரவில்லை.

சூரியன் என்ன, விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டா வந்திருக்கிறது, காத்திருப்பதற்கு? அது பாட்டுக்கு எழுந்தது. கற்சுவரில் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்த மனைவி மட்டும் அதை முழுசாகப் பார்த்தாள். முதலில் ஒரு கீற்று, பிறகு பாதி, பிறகு தளும்பத் தளும்ப ஒரு வட்டம்; வெளிச்சம் தண்ணீரின்மேல் அவள் காலடிவரை வந்தது. அவள் முகம் அப்போது எப்படி இருந்தது என்று சொல்ல அந்தப் பக்கம் ஒரு காமிராவும் திரும்பியிருக்கவில்லை. இரண்டு காமிராக்கள் பக்கத்தில் இருந்தும். சிக்கு விடுபட்டு மாமா நிமிர்ந்தபோது, “நல்லா இருந்துச்சுங்க” என்றாள். “என்னது?” என்றார் மாமா.

மூன்றாம் நாள் வானம் மூடிக் கிடந்தது. மாமாவின் கோபம் மேகத்தின்மேல் பாய வழியின்றி மீனவர்மேல் பாய்ந்தது. காலையில் ஒரு படகு கரையேறிற்று. ஆறு பேர் தோள்கொடுத்து, மூச்சுப் பிதுங்க, உருளைக்கட்டையில் ஏற்றி அதை மணல்மேட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தி, அப்போதுதான் நெற்றி வியர்வையை வழித்தார்கள். அந்த நேரம் பார்த்து அங்கே வந்து சேர்ந்த மாமா, தான் பார்க்காத கரையேற்றம் கரையேற்றமே அல்ல என்னும் திடத்தோடு, படகைத் திரும்பக் கடலுக்குள் தள்ளிவிட்டு இன்னொருமுறை வரும்படியும், இம்முறை கொஞ்சம் மெதுவாகவும், சிவப்புச் சட்டைக்காரர் பின்னால் போய்விடும்படியும் பணித்தார். வெட்கம் என்பது அந்தச் சட்டையின் பதினான்கு பைகளில் எதிலும் இருந்ததில்லை. ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு சிரித்தார்கள், ஒருவர் படகைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அவர்களோடு நின்றிருந்த கயிற்றுக்காரி, அதாவது கரைவலை இழுக்கும்போது குரல்கொடுத்து எல்லாரையும் நடத்துகிற அந்தப் பெரிய தொண்டைக்காரி, மாமாமேல் இரக்கப்பட்டோ தொல்லை விட்டால் போதும் என்றோ சொன்னாள்: “நாளைக்குக் காலைல கரைவலை இழுப்போம் சார். அப்ப வந்து எவ்வளவு வேணும்னாலும் எடுங்க. ஒண்ணு மட்டும், கயிறு கிட்ட யாரும் சும்மா நிக்கக் கூடாது. நின்னா பிடிக்கணும். அது யாரா இருந்தாலும்.” அந்தக் கரையில் அதுதான் சட்டம். கடலில் அரைவட்டமாக வலையை விட்டுவிட்டு அதன் இரு முனைக் கயிறுகளையும் கரையிலிருந்து இரு கூட்டமாக இழுப்பார்கள். பக்கத்தில் நிற்கிற கை எல்லாம் கயிற்றுக்குச் சொந்தம். பிடித்த கைக்கெல்லாம் மீனில் பங்கு. மாமா தலையை ஆட்டினார். விதி என்பது பிறருக்கு என்பது அவருக்குப் பழகிய கொள்கை.

நான்காம் நாள், ஊர் திரும்பும் நாள், விடிந்தது.

ஆகா, அந்தக் காலையை என்னென்பேன்! மேகம் கிழிந்து ஒளி வழிய, நீரும் வானும் ஒன்றையொன்று பார்த்து நிறம் மாற, நெடுங்கயிறு இரண்டு நீலத்துக்குள்ளிருந்து புறப்பட்டுக் கரைநோக்கி நீள, அவற்றைப் பற்றிய இருபது முப்பது கைகள் ஒரே குரலுக்கு ஒரே சாய்வாகச் சாய, மணல்மேட்டின் உச்சியில் முக்காலி நாட்டி, மேற்சட்டை காற்றில் படபடக்க, ஒற்றைக் கண்ணை இறுக மூடி, மறுகண்ணை லென்ஸில் பதித்து நின்றார் தள்ளு மாமா. மே மாதம் தெரிந்தது அவர் கண்ணுக்கு. பூனை கீழே விழுவது தெரிந்தது. சகலையின் முகம் தெரிந்தது. கூடவே, சட்டகத்தின் இடது ஓரத்தில், மஞ்சளாக ஏதோ தெரிந்தது.

மூன்று நாளாகக் கசங்காமல் காப்பாற்றிய அந்தச் சேலையில் மனைவி மணலில் நின்றிருந்தாள். அன்று விட்டால் இல்லை என்று அவளுக்குத் தெரியும். “பத்து மணிக்குப் பஸ்ஸுங்க. ஒண்ணே ஒண்ணு எடுத்துடுங்க” என்று மேட்டைப் பார்த்துக் கேட்டாள். “வலை வரட்டும். கொஞ்சம் தள்ளு” என்றது மேடு. அவள் நான்கடி தள்ளினாள். “இன்னும் கொஞ்சம்.” இன்னும் நான்கடி. “இன்னும், இன்னும், இந்த முழங்கை தெரியுது பாரு!” கண்ணை லென்ஸிலிருந்து எடுக்காமலே, கோழியை விரட்டுவதுபோல் இடக்கையை ஆட்டி ஆட்டி, மாமா தன் சட்டகத்தின் எல்லைக்கு அப்பால், நீரோரம்வரை அவளை ஓட்டினார். அங்கே இடதுபக்கக் கயிறு இருந்தது. அவள் அதற்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

நின்றால் பிடிக்கவேண்டும். கயிற்றுக்காரி ஆள் யாரென்று கேட்கவில்லை. “சேலை பாழாயிடும்மா, இதைப் போட்டுக்கோ” என்று தன் புருஷனின், முழங்கால்வரை தொங்கும் பழைய முழுக்கைச் சட்டை ஒன்றை எறிந்தாள். வெயிலுக்குத் தலையில் கட்டிக்கொள்ள ஒரு துண்டையும் கொடுத்தாள். மனைவி சட்டையை மாட்டினாள். கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டாள். சேலைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகினாள். மேட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். மேட்டின் ஒற்றைக் கண் வேறெங்கோ இருந்தது. கயிற்றைப் பிடித்தாள்.

அவளுக்குக் கோபம் வந்தது. அதை நாம் ஏன் மறைக்கவேண்டும், நன்றாகவே வந்தது. முதலில் கயிறு அவளை இழுத்தது. கால் மணலில் சறுக்கியது. பிறகு குதிகால் ஊன்ற இடம் கிடைத்தது. ஒவ்வொரு குரலுக்கும் ஒரு இழுப்பு. ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு ‘கொஞ்சம் தள்ளு’. இருபத்துமூன்று வருஷத்து ‘கொஞ்சம் தள்ளு’ எவ்வளவு இருக்கும், கயிறு எவ்வளவு தூரம் வரும்! உள்ளங்கை எரிந்தது. மூச்சு வாங்கியது. நடுவில் ஏதோ ஒரு இழுப்பில் கோபம் எங்கோ விழுந்துவிட்டது, அவள் தேடவும் இல்லை. பக்கத்தில் இழுத்தவள் எதற்கோ சிரிக்க, இவளும் சிரித்தாள். சும்மாவேதான் சிரித்தாள், சந்தோஷமாக இருந்தது.

மாமா அறியாத இன்னொரு சங்கதி உண்டு. கரைவலை கரையை நெருங்க நெருங்க, இரண்டு கயிற்றுக் கூட்டமும் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்துவரும். அப்போதுதான் வலையின் வாய் சேரும். பின்னால் போய்ச் சேர்ந்தவர் கயிற்றை விட்டுவிட்டு மறுபடி நீரோரத்துக்கு வந்து முதல் ஆளாகப் பிடிப்பார். ஆக, எவளைச் சட்டகத்துக்கு வெளியே ஓட்டினாரோ அவளை அந்த வேலையே, அடிமேல் அடியாக, சட்டகத்தின் நட்டநடுவுக்கு, எல்லாருக்கும் முன்னால், கொண்டுவந்து நிறுத்திற்று.

லென்ஸுக்குள் மாமா கண்டார். அலை முழங்காலில் மோதித் தெறிக்க, ஒளி துளித்துளியாய்ச் சிதற, தலைத்துண்டு கட்டிய ஒரு பெண், முதுகு காட்டி, குதிகாலிலிருந்து கழுத்துவரை ஒரே கோடாகப் பின்சாய்ந்து, முழுக்கடலையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தாள். “ஆகா!” என்று அலறினார் அவர். “அந்த அம்மா அசையக் கூடாது! யாரும் குறுக்க வரக் கூடாது! அந்த அம்மா அப்படியே நிக்கட்டும்!” வாழ்நாளில் முதன்முறையாக ஒரு மனிதப் பிறவியை அவர் தள்ளச் சொல்லவில்லை. விரல் அமுக்கினார். ஒரு படம் விழுந்தது. மறுபடி அமுக்கினார். பேட்டரிப் பெருமான் இருநூற்றுப் பன்னிரண்டு கடற்பறவைகளின் பாரம் தாங்காமல் கண்மூடினார்.

வெற்றித் திருமகளை ஒரே படத்தில் அடைத்துப் பையிலிட்டுக்கொண்ட மாமா, பஸ்ஸுக்கு நேரமானதை நினைத்தார். முக்காலி தூக்க ஆளைக் காணவில்லை. “கிளம்பற நேரத்துல எங்க போய்த் தொலைஞ்சா” என்று சபித்தபடி, அதைத் தானே சுமந்து விடுதிக்கு நடந்தார். இரவல் சட்டையையும் துண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, அரைமணி கழித்து அவள் வந்தாள். பாதம் முழுக்க மணல், உள்ளங்கை இரண்டும் கோவைப்பழம், கையில் காகிதத்தில் சுற்றிய மூன்று மீன். அறைக்குள் மீன் கொண்டுவரக் கூடாது என்பதால் அதை விடுதிக்காரர் வீட்டம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்து, கைகளை நெடுநேரம் தண்ணீரில் வைத்திருந்தாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் சொன்னாள்: “நானும் கயிறு இழுத்தேங்க. மீன்கூட பங்கு குடுத்தாங்க.” மாமா பன்னிரண்டாம் பையில் சார்ஜரைத் துழாவிக்கொண்டிருந்தார். “ம்” என்றார். மகள், படம் எங்கே என்று கேட்டு இரண்டு நாளில் போன் செய்தாள், அம்மா மழுப்பிவிட்டாள்.

வென்றது படம்! தேர்வுக்குழு ஒருமனதாகத் தேர்ந்தது. ஆண்டிறுதிக் கூட்டத்தில் அதைச் சுவரளவுக்குப் பெரிதாக்கிக் காட்டினார்கள். மாமா அதற்கு இட்ட நாமம் ‘முகமறியா உழைப்பு’. மேடையேறி ஒலிபெருக்கியைப் பற்றிய அவர், அந்த மீனவப் பெண்ணைத் தேடி நான்கு நாள் தவமிருந்ததையும், ஏழு வயதிலிருந்து கயிறு இழுக்கும் அவள் தன் கண்ணீர்க் கதையைத் தன்னிடம் மனம்விட்டுச் சொன்னதையும், சொன்னபோது கடலே அமைதியானதையும், நாக்கு கூசாமல் எடுத்துரைத்தார். சேலையின் விளிம்பாகச் சட்டைக்குக் கீழே தெரிந்த ஒரு விரற்கடை மஞ்சளைச் சுட்டிக்காட்டி, “இந்த மஞ்சள்தான் படத்தோட உயிர். இது இல்லேன்னா அந்த நீலம் எடுபடாது. இதுக்காகவே காத்திருந்தேன்” என்றார். குரலைத் தாழ்த்தி முடித்தார்: “நமக்குப் பக்கத்துலயே உழைக்கறவங்களை நாம ஒருநாளாவது நிமிர்ந்து பார்த்திருக்கோமா?” மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவை ஆர்ப்பரித்தது.

சகலை மட்டும் படத்துக்குக் கிட்டே போய், தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, “இந்த நிக்கற தினுசை எங்கயோ பார்த்த மாதிரியே இருக்கு அண்ணே” என்றார். பூனைக்காரரின் வயிற்றெரிச்சல் என்று மாமா பெருந்தன்மையோடு மன்னித்துவிட்டார்.

செப்டம்பர் மாதம் கிடைத்தது மாமாவுக்கு. ஜனவரியிலேயே காலண்டர்க் கட்டைச் சுமந்து வீடு சேர்ந்தார். மனைவி ஒன்றை வாங்கினாள், ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள், செப்டம்பரில் நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். பிறகு, ஜனவரி முதல் வாரம் என்று பாராமல், அந்தத் தாளையே மேலே மடித்து, கூடத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டினாள். இல்லாளும் தன் கலைக்கு வசமானாள் என்று உள்ளம் குளிர்ந்த மாமா, சுவரை மறைத்து நின்று, இடுப்பில் கைவைத்து, மேடையில் விட்ட குறையை வீட்டில் தொட்டார். அந்தத் தோளைப் பார், அந்தக் காலைப் பார், அந்தப் பெண் எப்பேர்ப்பட்ட பெண் பார், இப்படி ஒருத்தி நம் கண்ணில் படவேண்டுமே என்று பாராட்டிக்கொண்டே போனார். அவள் மேசையிலிருந்த செல்போனை எடுத்து, அதன் லென்ஸை முந்தானையால் துடைத்துக்கொண்டு, அவருக்குப் பின்னால் வந்து நின்றாள்.

“பொண்ணு கேட்டுக்கிட்டே இருந்தாளே, அம்மா போட்டோ. இதை அனுப்பலாம்னு” என்றாள். “அது நான்தாங்க.”

திரும்பினார் தள்ளு மாமா. அவளைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். காக்கையின் இமைமயிரை எண்ணவல்ல நீள்குழல் லென்ஸ் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை: விரற்கடை மஞ்சள் கடுகு மஞ்சளாய் இருந்தது, சுருட்டிய சட்டைக்கைக்குக் கீழே, பளிச்சென்ற ஒளியில், ஆயிரம் படங்களில் ஓரத்திலிருந்து எட்டிப் பார்த்த முழங்கை, இஸ்திரிப்பெட்டி சுட்ட பிறைத் தழும்போடு, நட்டநடுவில் இருந்தது. நான்கு நாள் தவமும், ஏழு வயதிலிருந்து இழுத்த கயிறும், அமைதியான கடலும், ஆர்ப்பரித்த அவையும், கண்ணாடி துடைத்த மேலதிகாரியும் ஒன்றன்பின் ஒன்றாக அவர் தலைமேல் வந்து விழ, பதினான்கு பைகளிலும் தேடி ஒரு சொல்லும் அகப்படாமல், வாகைசூடிய பெருவீரர் வாய்பிளந்து, வேரறுந்த மரமாய்த் தம் வீட்டுக் கூடத்தின் நடுவே சுவரை மறைத்துக்கொண்டு நின்றார்.

“கொஞ்சம் தள்ளுங்க, உங்க நிழல் விழுது” என்றாள்.